நாகரிகம் யாருக்குக் காவல்?

2024 ஜூலை 10 அன்று விக்கிரவாண்டி இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்தது. மறுநாளே, குற்றாலத்தில் தங்கியிருந்த நாம் தமிழர் கட்சியின் சாட்டை துரைமுருகனைத் திருச்சி போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். மறைந்த முதலமைச்சர் கருணாநிதியை விக்கிரவாண்டி பிரசாரத்தில் இழிவாகப் பேசினார், பாடினார் என்பது புகார். விழுப்புரம் மாவட்டத்தில் பாடிய பாட்டுக்குத் தென்காசி மாவட்டத்தில் கைது, திருச்சியில் வழக்கு. அவரைச் சிறையில் அடைக்க நீதிமன்றம் மறுத்துவிட்டதால் அன்றே வெளியே வந்தார். பிறகு சீமான் அதே பாட்டைச் செய்தியாளர்கள் முன்னால் பாடிக் காட்டி, முடிந்தால் தன்னைக் கைது செய்யட்டும் என்றார். பாட்டைத் தாங்கள் கட்டவில்லை, பல வருடங்களுக்கு முன்பே அ.தி.மு.க. தரப்பு ஒலிக்கவிட்ட பாட்டுதான் அது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாரம் தொலைக்காட்சி விவாதங்களில் உட்கார்ந்தவர்களும் டீக்கடையில் நின்றவர்களும் ஏறக்குறைய ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். விமர்சனம் பண்ணலாம், நாகரிகமாகப் பண்ண வேண்டும். வரம்பு மீறினால் போலீஸ் வரத்தான் செய்யும். கட்சி வேறுபாடு இல்லாமல், படித்தவர் படிக்காதவர் என்ற பேதமும் இல்லாமல் தமிழ்நாடு ஒத்துப்போகும் மிகச் சில கருத்துகளில் இது ஒன்று.

கருத்து தவறானது. பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதால் அதை மறுக்க வேண்டிய அவசியம் இன்னும் கூடுகிறது. அரசியல் கேலிக்கு நாகரிகம் அளவுகோலே அல்ல. கேலி யார் மேல் விழுகிறது, ஆள்பவன் மேலா, ஏற்கெனவே மிதிபட்டுக் கிடப்பவன் மேலா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டுவிட்டால் விக்கிரவாண்டி விஷயம் வேறு மாதிரி தெரியும். போலீஸ் செய்தது தவறு. பாடியவர்கள் செய்ததும் தவறு. இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள் அல்ல. முற்றிலும் வேறு வேறானவை. நாகரிகம் என்று பேச ஆரம்பித்த உடனே இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

முதலில், நாகரிகமாகச் சொன்னால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையைப் பார்ப்போம். 1987-ல் ஆனந்த விகடன் தன் அட்டையில் ஒரு ஜோக் போட்டது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், அமைச்சர் யார் என்று அடையாளம் சொல்லும் சாதாரண நகைச்சுவை. ஒருவர் ஜேப்படித் திருடர் போலவும் மற்றவர் கொள்ளைக்காரர் போலவும் இருப்பார்கள். அதில் ஆபாசம் கிடையாது, வசை கிடையாது, யார் பெயரும் கிடையாது. மூன்று தலைமுறை வீட்டில் உட்கார்ந்து படித்த பத்திரிகை அது. சட்டமன்றம் அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்து ஜெயிலுக்கு அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே விட வேண்டியதாயிற்று. அவர் வழக்குப் போட்டார்; சிறைவைத்தது தவறு என்று 1994-ல் உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டு அரசியல் கேலியில் இதைவிட நாகரிகமான உதாரணம் தேடினாலும் கிடைக்காது. அதற்கே சிறை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேடைப் பேச்சாளர்கள் வெற்றிகொண்டான், தீப்பொறி ஆறுமுகம் பேச்சுக்கு எத்தனை ஊர்களில் கூட்டம் நள்ளிரவு வரை கலையாமல் உட்கார்ந்திருந்தது! அவர்கள் பேசியதில் பாதியை வீட்டில் திருப்பிச் சொல்ல முடியாது. எதிர்க்கட்சித் தலைவர்களின் குடும்பம், உடல், படுக்கையறை எதையும் விட்டுவைக்காத பேச்சு. சொந்தக் கட்சி அதற்கு மாலை போட்டது. அதே பேச்சு எதிர்த்தரப்பிலிருந்து வந்தால்தான் நாகரிகம் ஞாபகத்துக்கு வந்தது. ஆக, சிறைக்குப் போவதா மாலை வாங்குவதா என்பதைச் சொல்லின் தரம் ஒருபோதும் தீர்மானித்ததில்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே தீர்மானித்தது.

2017-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சின்னக் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்பது அந்தக் குடும்பத்தின் குறை. கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார்: எரியும் குழந்தை, சுற்றி முதலமைச்சர், ஆட்சியர், காவல்துறை உயர் அதிகாரி மூவரும் அம்மணமாக நின்று ரூபாய்க் கட்டுகளால் மறைத்துக்கொள்கிறார்கள். நவம்பர் 5 அன்று பாலா கைதானார். படம் ஆபாசம் என்றார்கள். அரசு அலுவலக வாசலில் குழந்தைகள் கருகியதற்கு ஆபாசம் என்ற பெயர் கொடுக்க எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. நாகரிகம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்: அந்தச் சாவை நாகரிகமாக வரைவது எப்படி?

சாராயத்தைப் பற்றி நாகரிகமாகப் பாடுவது எப்படி என்ற கேள்வியும் அப்படித்தான். 2015 ஜூலை 31 அன்று மதுவிலக்குக் கேட்டுச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் மார்த்தாண்டத்தில் இறந்துபோனார். அந்தக் கொதிப்பில்தான் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் பறையோடு டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாட்டுகள் பரவின. முதலமைச்சர் ஜெயலலிதாவை நேரடியாகச் சாடிய பாட்டுகள். அக்டோபர் 30 அன்று திருச்சியில் வீட்டுக்கே போய்க் கைது செய்தார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ, அதாவது தேசத்துரோகம். வெள்ளைக்காரன் திலகர் மீதும் காந்தி மீதும் போட்ட பிரிவு, சாராயக் கடையை மூடச் சொன்ன ஒரு பாட்டுக்காரர் மீது பாய்ந்தது. எதிர்க்கட்சியில் இருந்த கருணாநிதி கைதைக் கண்டித்தார். 2016 மே மாதம் மீண்டும் பதவி ஏற்ற அன்றே ஜெயலலிதா ஐநூறு மதுக்கடைகளை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கோவன் பாட்டு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழு மாதத்துக்கு முன் தேசத்துரோகமாகத் தெரிந்த கோரிக்கை, தேர்தல் முடிந்ததும் முதல் நாளிலேயே உத்தரவானதை யாரும் மறுக்க முடியாது. 2018 ஏப்ரலில், ராமராஜ்ய ரத யாத்திரையைப் பற்றிப் பாடியதற்காகக் கோவன் மறுபடியும் கைதானார்.

சாராயத்தின் வழியாகவே விழுப்புரத்துக்குத் திரும்பலாம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்த மீனவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் கடலோரக் குப்பம் அது. வருடம் ஒன்று கடந்து, 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தெருவில் வரிசையாகப் பாடைகள். விக்கிரவாண்டியில் பிரசார வேன்கள் ஓடத் தொடங்கியபோது அந்தச் சாவுகளுக்கு முப்பதாம் நாள் கும்பிடுகூட ஆகியிருக்கவில்லை.

அந்தத் தேர்தலில் ஒலித்து, கைது வரை போய், வாரக்கணக்கில் பேசப்பட்ட பாட்டு எது? 2018-லேயே இறந்துபோன ஒரு தலைவரைத் திட்டும் பழைய பாட்டு. கண்ணெதிரே அறுபது பிணம் கிடக்கும்போது, உயிரோடு ஆட்சியில் இருப்பவர்களின் பொறுப்பைக் கேட்காமல் செத்தவரை ஏசுவது கேலியின் வேலையல்ல. நாம் தமிழர் மேடைகளில் கள்ளக்குறிச்சியைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல முடியாது, பேசினார்கள். ஆனால் ஒரு வசைச்சொல் அந்தப் பேச்சையெல்லாம் விழுங்கிவிட்டது. கைது செய்த அரசுக்கு அதைவிட வசதியான உதவியை யாரும் செய்திருக்க முடியாது. சாராயச் சாவு பற்றிய விவாதம் மரியாதை பற்றிய விவாதமாக மாறியது.

இப்போது அந்தச் சொல். 'சண்டாளன்' என்பது பாட்டில் கருணாநிதியைத் திட்டப் பயன்பட்ட சொல். முதலில் எழுந்த கூச்சலெல்லாம் ஒரு பெரிய தலைவரை இப்படிச் சொல்லலாமா என்பதுதான். அது ஒரு பட்டியல் சாதியின் பெயர் என்பதையும், அதை வசையாகச் சொல்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகும் என்பதையும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் எடுத்துச் சொன்ன பிறகே பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. ஊர்வழக்கில் சாதாரணமாகப் புழங்கும் திட்டுதானே என்றார்கள் பாடியவர் தரப்பில். அவ்வளவு சாதாரணமாகப் புழங்குவதுதான் பிரச்சினை. ஒருவனை மட்டமாக்க இன்னொரு சாதியின் பெயரை எடுத்து வீசினால் அடி வாங்குவது வீசப்பட்டவன் அல்ல, அந்தப் பெயரைச் சுமப்பவன். கருணாநிதிக்கு இந்தப் பாட்டால் ஒரு குறையும் வராது. அவர் பெயரில் நூலகமும் பேருந்து நிலையமும் நினைவிடமும் இருக்கின்றன.

விழுப்புரத்தில் இதைச் சொல்லும்போது கூடுதல் பொறுப்பு இருக்கிறது. 1978 ஜூலையில் இந்த நகரத்தில் தலித் மக்கள் பன்னிரண்டு பேர் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். 2023 ஜூனில் விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தலித்துகள் உள்ளே வந்து கும்பிடுவதை மற்றவர்கள் ஏற்க மறுத்ததுதான் காரணம். 2025 செப்டம்பரில் திண்டிவனம் நகராட்சியில் பட்டியல் சாதி ஊழியர் ஒருவர் கவுன்சிலர் காலில் விழவைக்கப்பட்டார் என்ற புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. இந்த மண்ணில் சாதிப் பெயர் வெறும் திட்டாக ஒருநாளும் இருந்ததில்லை.

நாகரிகத்தின் பக்கம் நிற்பவர்கள் அடிக்கடி பண்பாட்டைத் துணைக்கு அழைப்பார்கள். இதெல்லாம் நம் மரபல்ல என்பார்கள். விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துக்காரர் யாராவது அப்படிச் சொன்னால் வியப்பாக இருக்கிறது. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை மூலக்கோயிலாகக் கொண்டாடும் பகுதி இது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து, கடைசியில் படுகளம். அந்தக் கூத்தில் ராஜா எப்படி வருவார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய துரியோதனன் தன் பெருமையைப் பாடுவான், காலில் சலங்கை அதிரும். முன்னால் கோமாளிக் குல்லாயோடு நிற்கும் கட்டியங்காரன், இவ்வளவு சத்தம் போடுகிறாயே, யாரப்பா நீ என்று கேட்பான். அஸ்தினாபுரத்தை ஆள்பவன் என்று பதில் வந்தால், அப்படியானால் எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிப்பான். ரேஷன் கடை எடை, போடாத ரோடு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரசிடெண்ட் எல்லாம் அஸ்தினாபுரத்துக்குள் வந்துவிடும். ராஜா கோபப்பட்டால் சனம் இன்னும் சிரிக்கும். கட்டியங்காரன் வாயில் நாகரிகம் எதிர்பார்த்து யாரும் விடிய விடிய விழித்திருப்பதில்லை.

ஆனால் கூத்தின் பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. அதே கட்டியங்காரன்தான் குறவனையும் வண்ணானையும் பெண்களின் உடம்பையும் வைத்து மலிவாகச் சிரிக்க வைத்திருக்கிறான். ராஜாவைக் கேலி செய்ய நெஞ்சுரம் வேண்டும். சேரியைக் கேலி செய்ய ஒன்றும் வேண்டாம், கூட்டம் ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்கிறது. மரபிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டு கேலிகளையும் பிரித்தறியாத குழப்பம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1980-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் ஹார்ட்கோர் பங்க் என்ற இசை கிளம்பியது. ஒன்றரை நிமிடப் பாட்டு, காதைக் கிழிக்கும் கிடார், பாட்டுக்குப் பதில் கத்தல். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1978-ல் தொடங்கிய ஒரு குழு தனக்கு 'டெட் கென்னடிஸ்' என்று பெயர் வைத்தது. சுட்டுக் கொல்லப்பட்ட கென்னடி சகோதரர்கள் இருவருக்காக நாடே அழுத நினைவு ஆறாத காலம். இதைவிட அநாகரிகமான பெயர் இருக்க முடியாது என்றார்கள். அவர்களின் முதல் பாட்டு 'கலிஃபோர்னியா ஊபர் ஆலெஸ்' 1979-ல் வந்தது. முற்போக்குக்காரர் என்று இளைஞர்கள் கொண்டாடிய ஆளுநர் ஜெர்ரி பிரவுனைச் சர்வாதிகாரியாக நிறுத்தியது அது. ரேகன் அதிபரானதும் 1981-ல் அதே பாட்டை அவருக்கேற்ப மாற்றிப் பாடினார்கள். எந்தக் கட்சி நாற்காலியில் இருக்கிறதோ அது அடி வாங்கியது.

அந்த வருடமே அவர்கள் செய்த இன்னொரு காரியம் அதைவிட முக்கியமானது. ஹார்ட்கோர் கூட்டங்களுக்கு ஸ்வஸ்திகா மாட்டிக்கொண்டு அடிதடிக்கு வரும் இளைஞர்கள் பெருகியிருந்தார்கள். நாஜி வேஷம் போட்ட பங்க்குகளை வெளியே போகச் சொல்லி, அவர்கள் முகத்துக்கு நேராகவே ஒரு பாட்டுப் பாடியது குழு. டிக்கெட் வாங்கி வந்த ரசிகனையே மேடையிலிருந்து கண்டிப்பது எந்தக் கலைஞனுக்கும் எளிதல்ல. நம் ஊர் அரசியல் மேடைகளில் அப்படி நடந்ததை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எல்லாக் குழுக்களும் அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கவில்லை. 'பிளாக் ஃபிளாக்' குழு வெள்ளை இனவெறியனின் குரலில் பேசி அவனைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றை 1980-ல் வெளியிட்டது. பாடிய ரான் ரேயஸ் புவெர்ட்டோ ரிக்கோக்காரர். அப்படியும் சிலர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டனில் 'மைனர் த்ரெட்' குழுவின் இயன் மெக்கேய், கறுப்பின மாணவர்கள் அதிகமாகப் படித்த பள்ளியில் வெள்ளைப் பையனாகத் தான் பட்டதை வைத்து 1981-ல் ஒரு பாட்டு எழுதினார். அது இனவெறிக்கு எதிரான பாட்டு என்று பல்லாண்டு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. 1996-ல் 'ஸ்லேயர்' குழு அதைப் பாடியபோது முடிவில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, வெள்ளையனாக இருப்பதை நியாயமாக்கிவிட்டது. மெக்கேயின் நோக்கத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் நூற்றாண்டுகளாக அடிவாங்கிய இனத்தை எதிரே நிறுத்தித் தன் வலியைப் பாடினால், மேலே நிற்பவன் அந்தப் பாட்டைக் கைப்பற்றிக்கொள்வான். சாதிச் சொல்லைச் சும்மா ஒரு வசையாகத்தான் போட்டோம் என்பவர்களுக்கும் பொருந்தும் பாடம் இது.

அமெரிக்கப் போலீஸும் சும்மா இருக்கவில்லை. 1985-ல் வெளியான டெட் கென்னடிஸ் இசைத்தட்டோடு, சுவிஸ் ஓவியர் கீகரின் ஆபாசப் படம் ஒன்று இணைப்பாக வந்தது. பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா வீட்டில் சோதனை போட்டார்கள். சிறுவர்களுக்குத் தீங்கான பொருளை விநியோகித்தார் என்று வழக்கு. 1987-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போனது, வழக்கு கைவிடப்பட்டது. அதற்குள் குழு கலைந்துவிட்டிருந்தது. ரேகனைத் தாக்கிய பாட்டுகளில் குற்றம் காண முடியாதவர்களுக்கு ஒரு படம் கிடைத்தது. நெல்லையில் பாலாவுக்கு நடந்ததும் வேறல்ல.

அப்படியானால் எல்லையே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், எல்லை ஏற்கெனவே இருக்கிறது. சாதியைச் சொல்லிப் பொதுவெளியில் இழிவுபடுத்துவதைத் தண்டிக்க 1989 முதல் சட்டம் உண்டு. கலவரத்தைத் தூண்டினால் சட்டம் உண்டு. தன் பெயர் கெட்டது என்று நினைக்கும் தலைவர் சொந்தச் செலவில் வக்கீல் வைத்து அவதூறு வழக்குப் போடலாம். அரசு வக்கீலை வைத்து, அரசுப் பணத்தில் போடக் கூடாது. 2011-க்கும் 2016-க்கும் இடையில் ஜெயலலிதா அரசு இருநூறுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைப் போட்டது. உச்ச நீதிமன்றமே கண்டிக்க நேர்ந்தது. 2021-க்குப் பிறகு தி.மு.க. அரசு பத்திரிகையாளர்கள் மீதான பல வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அதைச் செய்த அரசே மூன்று வருடம் கழித்து ஒரு பாட்டுக்காகக் குற்றாலத்துக்குப் போலீஸை அனுப்பியது வருத்தம் தரும் வீழ்ச்சி.

நாகரிகக் காவலர்களின் அளவுகோல் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்கு 2024 நவம்பரே சாட்சி. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவில் அறிமுகமான பாடகி இசைவாணி, சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி வருடங்களுக்கு முன் பாடிய கானாவைத் தோண்டி எடுத்துப் புகார் கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் வசைச்சொல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. பாடிய பெண்ணுக்கோ கொலை மிரட்டலும் எழுதக் கூசும் ஆபாசமும் வந்து குவிந்தன. விக்கிரவாண்டிக்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேர் இதற்குக் குரல் கொடுத்தார்கள்?

மாற்ற வேண்டியது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு உயர் நீதிமன்றம் அனுமதி தரும்போது வழக்கமாகச் சில நிபந்தனைகள் போடும். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, கட்சி, மதம், சாதி சார்ந்த பாட்டு கூடாது. சாதிப் பெருமை பாடும் பாட்டுகள் கலவரத்தில் முடிந்த அனுபவத்தில் பிறந்த நிபந்தனைகள் இவை. சாதியைத் தடுப்பது சரிதான், இன்னும் கறாராகவே தடுக்கலாம். ஆனால் கட்சியும் அதே வரியில் வந்து நிற்பதால், ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வைச் சீண்டும் ஒரு வரியும் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் ஒரு வரியும் ஒரே குற்றமாகிவிடுகின்றன. அந்த வரியிலிருந்து கட்சியை எடுத்துவிட வேண்டும். பாரதக் கூத்துக்கு அனுமதி கேட்டுச் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் ஊர்க்காரர்கள் மனு கொடுக்கும்போது, கட்டியங்காரன் யாரைக் கேலி பண்ணுவான் என்று எந்த ஸ்டேஷனும் கேட்கக் கூடாது. சேரிச் சனம் கூத்துக் களத்தில் முன்வரிசையில் உட்காரத் தடை உண்டா என்று கேட்கட்டும்.